வெளியே வைத்தால் சிவக்கும்

மார்ச் 3, செவ்வாய்

லேப் குளிர்ப்பெட்டி இன்றும் உறுமிக்கொண்டே இருந்தது. பழுது பார்க்க வந்தவர் ஒரு தட்டு தட்டிவிட்டு, சத்தம் வருகிறவரை ஓடுகிறது என்று அர்த்தம், சத்தம் நின்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கிருமியின் இனத்தைப் பிரித்துச் சொல்லும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு இன்னும் பாகம் வந்து சேரவில்லை. அதுவரை கண்ணும் மூக்கும்தான். கிருமி வளர்க்கும் தட்டில் பச்சை கசிந்து திராட்சை வாசனை அடித்தால் ஒன்று. பொன் மஞ்சளாகத் திரண்டால் இன்னொன்று. நிறமில்லாமல் வெளிறி வருகிறவைதான் தொல்லை. எல்லாம் ஒரே சாயல், கல்யாண வீட்டில் பார்க்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி.

மதியம் மாடியேறிப் பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போனேன். தம்பி மகள் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. ஏழாம் மாதத்திலேயே என்ன அவசரமோ, வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கிடக்கிறாள். தம்பி அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்துவிட்டான். அவன் மனைவிக்கு அதில் கோபம். ஆனால் நேற்று அவளே அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டேன். நன்றாக இருக்கிறாள், எடை ஏறுகிறது.

தம்பியை இன்று மறுபடியும் பிடித்துக்கொண்டேன். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். மோதிரத்தைக் கழற்று, முழங்கை வரை சோப்புப் போடு, மற்றவர்கள் ஒரு தடவை கழுவினால் நீ இரண்டு தடவை கழுவு என்று வார்டு வாசல் தொட்டியருகே நிற்க வைத்துச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் தேய்ச்சா ரேகையே அழிஞ்சிடும்க்கா" என்றான். ஆனால் கழுவினான். இரண்டு தடவை.

வேறொரு குழந்தையின் ரத்தம் வந்திருக்கிறது. ஜன்னலோரப் பெட்டியில் இருக்கும் பையன். காய்ச்சல் இல்லை, ஆனால் துவண்டு கிடக்கிறானாம்.

மார்ச் 5, வியாழன்

ஜன்னலோரப் பையனின் தட்டில் வளர்ந்திருக்கிறது. வெளிறிய புள்ளிகள். குடல் வகைக் கிருமி ஏதோ ஒன்று என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் போடும் மருந்து கேட்காது, மாற்றச் சொல்லி மாடிக்குப் போன் செய்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அதே வார்டில் இருக்கும் இரட்டைக் குழந்தைகளில் சின்னவனுக்கும் அதே மாதிரி. அதே வெளிறல். தற்செயலா?

வார்டுத் தலைமை மருத்துவரிடம் கேட்டேன். பொறுமையான மனிதர், குரல் உயர்த்தியே பார்த்ததில்லை. குறை மாதக் குழந்தைகளுக்கு இது நடப்பதுதானே, உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியும். தெரிந்தும் இரண்டு தட்டுகளையும் தூக்கிப்போடாமல் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஜன்னலோரப் பையன் போய்விட்டான். தம்பிதான் போனில் சொன்னான். அந்தக் குழந்தையின் அப்பாவும் இவனும் வாசலில் சேர்ந்து டீ குடிப்பார்களாம். "அவர் பாட்டுக்கு பையை எடுத்து வச்சுக்கிட்டு இருந்தார்க்கா. துணியெல்லாம் மடிச்சு, அழகா" என்றான். பிறகும் போனை வைக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் லேபைத் திறந்ததும் டெக்னீஷியன் பெண் வந்து, இன்குபேட்டர் செத்துப்போச்சு மேடம் என்றாள். மாடியில் குழந்தைகள் படுத்திருக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். ஒரு நொடி எனக்கு உயிரே நின்றுவிட்டது. அவள் சொன்னது எங்கள் பெட்டியை, தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்துக் கிருமி வளர்ப்பதை. சனிக்கிழமை வைத்துவிட்டுப் போனதற்குப் பிறகு எப்போதோ சூடு நின்று, உள்ளே ஏசி அறையின் குளிர்தான் இருந்திருக்கிறது.

மூன்றாவதாக ஒரு குழந்தையின் தட்டு அதில் இருந்தது, இன்னும் பெயர் வைக்காத ஒரு பெண் குழந்தை. அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, இதுல சிவப்பு மை சிந்திடுச்சா மேடம் என்று கேட்டாள்.

மை இல்லை.

ஒவ்வொரு புள்ளியும் நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் இளஞ்சிவப்பு. பார்க்க அழகாக இருந்தது. இந்தச் சிவப்பை உண்டாக்கும் கிருமி ஒன்றுதான். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே குடித்தனம் நடத்தும். குளிரில் சாயம் பூசிக்கொள்ளும், உடம்புச் சூட்டில் வெளுத்துவிடும். படிக்கும் காலத்தில் பரீட்சைக்காக இதை நெட்டுருப் போட்டிருக்கிறேன். நம் பெட்டியோ எப்போதும் உடம்புச் சூட்டில். அப்படியென்றால் அந்த இரண்டு வெளிறிய தட்டுகளும்?

குளிர்ப்பெட்டியிலிருந்து இரண்டையும் எடுத்து, கிருமியைத் தொட்டுப் புதுத் தட்டுகளில் தேய்த்து, மேஜைமேல் வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவையும் சிவந்தால் மூன்று குழந்தைக்கும் ஒரே கிருமி. ஒரே கிருமி என்றால் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் வார்டுக்குள் இருக்கிறது. சுண்டெலியும் வார்டுக்குள் இருக்கிறாள்.

தலைமை மருத்துவரிடம் ஓடினேன். வார்டில் புதுக் குழந்தைகளை அனுமதிப்பதை நிறுத்துங்கள் என்றேன். தட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இன்குபேட்டர் கெட்டுப்போன அன்னைக்கு வந்த ஒரு பிளேட்டை வச்சு வார்டை மூடச் சொல்றீங்களா மேடம்?" என்றார். கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். மற்ற இரண்டும் வரட்டும், வந்தால் நீங்கள் சொல்கிறபடி என்றார். அந்தப் பெண் குழந்தைக்கு மட்டும் உடனே மருந்தை மாற்றினார்.

தம்பியிடம் என்ன சொல்வது?

மார்ச் 10, செவ்வாய்

வேறு மருத்துவமனைகளுக்குப் போன் செய்தேன். ஓரிடத்தில் இடமில்லை. இன்னோரிடத்தில், தொற்று இருக்கும் வார்டிலிருந்து குழந்தையை எடுக்கமாட்டோம் என்றார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். எடுத்தாலும் அந்தக் கையகல உடம்பு ஆம்புலன்ஸ் குலுக்கலைத் தாங்குமா?

தம்பியிடம் உள்ளே போகாதே, கண்ணாடிக்கு வெளியே நின்று பார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றான். கொஞ்ச நாளைக்கு என்றேன். "நான் விரலை விட்டா புடிச்சுக்குறாக்கா. நான் வரலைன்னா தேட மாட்டாளா?" இரண்டு வாரக் குழந்தை தேடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவன் போய்த்தான் இருப்பான். எனக்கு அவனைத் தெரியும். போனாலும் கழுவிவிட்டுத்தான் போவான், அது ஒன்றுதான் ஆறுதல்.

மேஜைத் தட்டுகளில் இன்னும் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் வளர்ந்துவிடுமா என்ன.

மார்ச் 11, புதன்

இரண்டும் சிவப்பு.

தலைமை மருத்துவர் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். புது அனுமதி நிறுத்தியாயிற்று. நரம்பில் ஏற்றும் மருந்தா, பாலா, தண்ணீரா, எதுவென்று தேடுங்கள், யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள் என்றார்.

டெக்னீஷியன் பெண்ணும் நானும் பஞ்சுக் குச்சிகளோடு வார்டு முழுக்கத் தவழாத குறை. குழாய் வாய், கண்ணாடிப் பெட்டிகளின் ரப்பர் விளிம்பு, ஈரப்பதம் கொடுக்கும் தண்ணீர்க் குடுவை, பால் பிழியும் கருவி, எடை பார்க்கும் தட்டு. கடைசியில் நர்சுகளின் கைகள். அங்கேதான் முகங்கள் சுருங்கின. ஹெட் சிஸ்டர் எல்லோருக்கும் முன்னால் வந்து தன் கையை நீட்டினார். "எங்க கையத்தானே சந்தேகப்படுறீங்க. எடுத்துக்கோங்க" என்றார். இருபது வருஷமாக என்னோடு சாப்பிடுகிறவர். குச்சியை அவர் உள்ளங்கையில் உருட்டும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எல்லாத் தட்டும் மேஜைமேல், வெளியே. இனிமேல் எதையும் சூட்டில் மட்டும் வைத்து ஏமாற மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்

எல்லாம் சுத்தம். இதுவரை.

இரட்டையரில் சின்னவன் கொஞ்சம் தேறியிருக்கிறான். பெயர் வைக்காத பெண் குழந்தையிடம் முன்னேற்றமில்லை.

மார்ச் 13, வெள்ளி

குழாய், குடுவை, பால் கருவி எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு ஜோடிக் கைகள் சிவந்திருக்கின்றன. ஒன்று ஒரு சின்ன நர்சுடையது. இன்னொன்று ஹெட் சிஸ்டருடையது.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். பிறகு கோபமில்லாமல், குழம்பிப்போன குரலில், "அப்பதான் கழுவிட்டு வந்து நீட்டினேன் மேடம். ஈரம்கூடக் காயல" என்றார். சின்ன நர்சைக் கேட்டேன், அவளும் கழுவிவிட்டு வந்தவள்தான். மற்றவர்கள் வேலைக்கு நடுவில் வந்து நின்றவர்கள்.

கழுவிய கைகளில் மட்டும்.

நான் திரும்பி வார்டு வாசலில் இருந்த அந்தத் தொட்டியைப் பார்த்தேன். சுவரில் ரோஸ் நிறச் சோப்புப் பெட்டி, அழுத்தினால் திரவம் வரும். குழாயைச் சோதித்தேன், தொட்டியைச் சோதித்தேன், துண்டைச் சோதித்தேன். சோப்பை யார் சோதிப்பார்கள்? மூடியைத் திறந்து விரலை விட்டேன். உட்சுவர் வழவழவென்றிருந்தது. பெரிய கேனிலிருந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, காலியாகும் முன்பே மேலே மேலே நிரப்பியிருக்கிறார்கள். என்றைக்குமே அது காலியானதில்லை, கழுவப்பட்டதும் இல்லை. குறையாமல் வைத்திருப்பதுதான் சுறுசுறுப்பு என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் தாண்டிப் போகும்போதெல்லாம் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

தட்டில் ஊற்றி வைத்திருக்கிறேன். முடிவுக்குக் காத்திராமல் வார்டில் இருந்த எல்லாச் சோப்புப் பெட்டிகளையும் கழற்றச் செய்தேன். ரோஸ் நிறச் சோப்புக்குள் கிருமியும் ரோஸ் நிறத்தில் உட்கார்ந்திருந்தால் யார் கண்ணில் படும்.

மார்ச் 14, சனி

சுண்டெலி பால் குடிக்கவில்லை.

காலையில் இருந்து. நிறம் மாறியிருக்கிறது, சாம்பல் பூத்த மாதிரி. தொட்டால் அழவில்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்தார்கள். தம்பி மனைவி வெளியே பெஞ்சில் பால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரும் வாங்கிக்கொள்ளாத பாட்டில்.

தலைமை மருத்துவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முடிவு வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, அந்தச் சிவப்புக்கு எது கேட்குமோ அதை இப்போதே ஏற்றுகிறேன் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறந்த குழந்தையின் சாம்பிள் அம்மா பெயரில்தான் வரும், குழாயில் தம்பி மனைவியின் பெயர் ஒட்டியிருந்தது. டெக்னீஷியன் பெண் நான் செய்யவா மேடம் என்றாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

சோப்புத் தட்டு. புள்ளி புள்ளியாகக்கூட இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சிவப்பு, வெல்வெட் விரித்த மாதிரி.

இரண்டு தடவை. நான்தானே சொன்னேன். முழங்கை வரை என்று நான்தானே சொன்னேன். என் வாயால. வாசல்ல நிக்க வச்சு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. அவன் பாட்டுக்கு ஒரு தடவை கழுவிட்டுப் போயிருந்தா? கழுவாமலே போயிருந்தா? கிரீஸ் கையோட போயிருந்தா—

தெரியாது. தெரியவே போவதில்லை. வாசலில் இருந்த அதே பெட்டியைத்தான் எல்லாரும் அழுத்தினார்கள், நானும்தான். நர்சுகளின் கைகள் வழியாகவும் போயிருக்கலாம். இதையெல்லாம் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

சுண்டெலியின் ரத்தத்தை இரண்டு தட்டில் போட்டிருந்தேன். சூட்டில் வைத்தது வெள்ளை. வெளியே வைத்தது இளஞ்சிவப்பு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. முதுகுத்தண்டு நீரிலும் அதேதான்.

மூளைச்சவ்வு வரை போய்விட்டது.

பெயர் வைக்காத பெண் குழந்தை இன்று காலை இறந்துவிட்டது. பெயர் வைக்காமலே.

மார்ச் 17, செவ்வாய்

தம்பியிடம் சொன்னேன். அவனாகத்தான் கேட்டான், மாடிப்படித் திருப்பத்தில் வைத்து. இது எங்கிருந்துக்கா வந்தது என்று. மழுப்பலாம் என்று ஒரு நினைப்பு வந்ததை ஒளிக்கமாட்டேன். கிருமி என்றால் காற்றில் வரும், தண்ணீரில் வரும் என்று எதையாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"சோப்புல இருந்துடா" என்றேன்.

அவனுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. கைகளைத் தூக்கிப் பார்த்தான், முன்னும் பின்னும். அவ்வளவு சுத்தமாக அவன் கைகளை நான் பார்த்ததே கிடையாது, நகக்கண்ணில்கூட ஒரு கறுப்பு இல்லை.

"நீ சொன்ன மாதிரிதானேக்கா செஞ்சேன்."

ஆமாம் என்றேன். நான் சொன்னதைத்தான் செய்தாய் என்றேன். அவன் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.

மார்ச் 21, சனி

தம்பி என் போனை எடுப்பதில்லை. சுண்டெலிக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. இன்று வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பால் இரண்டு சொட்டு இறங்கியிருக்கிறது என்று தம்பி மனைவி போன் செய்தாள். சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் இப்போது எந்த மாடியிலும் சுவரில் சோப்புப் பெட்டி கிடையாது. இறந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோரையும் வரவழைத்து, தலைமை மருத்துவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துணியை மடித்துப் பையில் வைத்தாராமே, அந்த அப்பாவும் வந்திருந்தார். எழுந்து போகும்போது நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 1, புதன்

தம்பி லேபுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான். டெக்னீஷியன் பெண் வெளியே போய்விட்டாள், புத்திசாலி.

அவனே, "யார் மேலயாவது கோபப்படணும் போல இருக்குக்கா. நீதான் பக்கத்துல இருந்த" என்றான்.

சரிடா, என் மேலேயே படு என்றேன்.

சாப்பிட்டியா என்று கேட்டான். இல்லை என்றேன். கீழே போய்ச் சாப்பிட்டோம். அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த யாரோ ஒருவர் பிரேக் பிடிக்கவில்லை என்று ஹாரனை மாற்றச் சொன்ன கதையைச் சொன்னான். சிரிப்பு வந்தது. அப்புறம் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமை மருத்துவர் கார் வரை கூடவே வந்தார். தம்பி மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார்: எடை, தடுப்பூசி, வலிப்பு மருந்து. கிருமி மூளைச்சவ்வு வரை போனதால் கண்ணையும் காதையும் பிறகு பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் காதில் எதுவும் விழவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய இயந்திரத்துக்குப் பாகம் வந்துவிட்டது. இனி கிருமியின் பெயரைத் தானே அச்சடித்துத் தரும். இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு தட்டை வெளியேயும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 10, ஞாயிறு

நான்கு நாளாக லேபில் ஒரே வேலை. நல்ல வேலை, யாருக்கும் ஒன்றுமில்லை. தம்பி சுண்டெலியின் படம் அனுப்பினான். கன்னம் வைத்திருக்கிறது. காது பார்த்தீர்களா என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றான். போன வாரமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னான்.

ஜூன் 14, ஞாயிறு

எல்லோரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குழந்தையைக் கூடத்தில் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தோம், நல்ல தூக்கம். தம்பி சத்தமாகக் கதையளந்துகொண்டிருந்தான், என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் மெச்சுகிற மருமகன் மாதிரி, இன்று நான் பாத்திரம் கழுவுகிறேன் பார் என்று அவர் எழுந்து போனார். போனவர் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கை நழுவி விட்டுவிட்டார். அது தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, மறுபடியும் விழுந்தது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

குழந்தை அசையவில்லை. இமைகூடத் துடிக்கவில்லை.

"பாத்தியாக்கா, என்ன நிம்மதியாத் தூங்குறா" என்றான் தம்பி.

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பின்னால் சமையலறைக்கு வந்தாள். குனிந்து தாம்பாளத்தை எடுத்து, துடைத்து, நிறுத்தி வைத்தாள். "கொஞ்ச நாளாவே தெரியும் அண்ணி. அவ முதுகுக்குப் பின்னால கதவை அடிச்சுச் சாத்திப் பாத்தேன். கை தட்டிப் பாத்தேன். அவர்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, தூங்குறா, தூங்குறான்னே சொல்லுவார்" என்றாள்.

அவள் தோளில் கை வைத்தேன். அவள் அழவில்லை. காதுக்கான மருத்துவர் எனக்குத் தெரிந்தவர்தான், செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறேன், நானும் கூட வருகிறேன் என்றேன். இப்போதெல்லாம் சின்ன வயதிலேயே கருவி வைக்கிறார்கள், வழி இருக்கிறது என்றேன். தெரியும் அண்ணி, படிச்சேன் என்றாள்.

நாளை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நானே அவனிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்வதற்கில்லை.

கிளம்பும்போது குழந்தை விழித்துவிட்டாள். தம்பி அவளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து, சுண்டெலி, சுண்டெலி, அத்தைக்கு டாட்டா சொல்லு என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினான். அவள் அவன் மீசை ஏறி இறங்குவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயெல்லாம் விரியச் சிரித்தாள்.